முத்தேதி மேஸ்திரி கட்டிய பாலம்

ஒரு கேள்விக்கு ஒரே பதில் சொல்லத் தெரியாத ஆசாமி மதுரைச் சீமையிலேயே முத்தேதி மேஸ்திரி ஒருவர்தான். வேலை எப்போது முடியும் என்று கேட்டால் மூன்று தேதி சொல்வார். அதனால் வந்த பெயர். கல்யாணத்துக்கு அழைத்தாலும் அப்படித்தான். "வண்டி கெடச்சா முகூர்த்தத்துக்கு வாரேன். கெடைக்காட்டி பந்திக்கு வாரேன். வழியில சம்பந்தி பிடிச்சுக்கிட்டா மறுவீட்டுக்கு வாரேன் அண்ணே."

யுத்தத்துக்கு முந்தைய வருடங்களில் நான் ஒரு கான்ட்ராக்டரிடம் குமாஸ்தா. அழகர்கோவில் சாலையில் ஓடைப் பாலம் ஒன்று வெள்ளத்தில் போய்விட்டது. சித்திரையில் அழகர் மதுரைக்கு வரும் வழி அது. அதற்குள் புதுப்பாலம் கட்டியாக வேண்டும். மேஸ்திரியிடம் வேலையை ஒப்படைத்தார்கள்.

தை மாதம் வேலையை மேற்பார்க்கும் சர்க்கார் ஓவர்சியர் வந்து, எப்போது முடியும் என்றார்.

"மழை இல்லாட்டி பங்குனி பாதி. ஒரு மழை விழுந்தா பங்குனி கடைசி. மழையும் மேலூர்க் கல்லு வண்டியும் சேந்து கெடுத்தா, அழகர் மலைக்குத் திரும்புனப்புறம்."

"விளையாடுறீரா? ஒரு தேதி சொல்லும்யா!"

"ஒண்ணு சொன்னா அது பொய்யாப் போகும், ஐயா. மூணு சொன்னா ஒண்ணாவது நெசமாகும்."

ஓவர்சியர் முதல் தேதியை மட்டும் எழுதி மேலே அனுப்பினார். மேஸ்திரியோ மறுநாளே நாலு ஆட்களைப் பிரித்து, பாலத்துக்குப் பக்கத்தில் ஓடைக்குள் இறங்கி ஏற ஒரு பாதை போடவைத்தார். சரளை கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினார்கள்.

"பாலமே முடியாமக் கெடக்கு. இதுக்கு எதுக்கு ஆளு?" என்று சண்டைக்குப் போனேன்.

"மூணாவது தேதிக்கு, தம்பி."

பங்குனியில் ஐந்து நாள் மழை கொட்டியது. கல் வண்டிகள் மேலூரைத் தாண்டுமுன்னே அச்சுவரை சேற்றில் புதைந்தன. ஒருவழியாகப் பாலத்தின் வளைவை மூடியபோது அழகர் புறப்பட மூன்றே நாள். சுண்ணாம்புக் காரை ஈரம்.

"மேல பலகை போட்டு சாமியை ஏத்திருவோம்" என்றார் ஓவர்சியர்.

மேஸ்திரி குறுக்கே நின்றார். "அம்புட்டுச் சனமும் ஏறினா உக்காந்துரும், ஐயா. கீழ் வழியாப் போகட்டும்."

"ஓடைக்குள்ள இறக்கினா எம்புட்டு நேரமாகும் தெரியுமா?"

"தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்கே நேரத்துக்குப் போகாதவரு. நம்ம ஓடையில அரை நாழி ஆனா கோவிச்சுக்குவாரா?"

ஓவர்சியர் சிரித்துவிட்டார். அதோடு வாதம் முடிந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அழகர் பல்லக்கு ஓடைக்குள் இறங்கியது. கூட்டம் கையை உயர்த்திக் கோவிந்தா போட்டது. மேஸ்திரி மட்டும் கணுக்கால் தண்ணீரில் நின்று, பல்லக்குச் சுமப்பவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு, "பாத்து, பாத்து" என்றது. கடைசி ஆளும் கரையேறியதும் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த வருடம் நானும் அழகரைப் பார்க்கவில்லை. மேஸ்திரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.