படுக்கையறைக் கதவை உள்ளிருந்து சுரண்டுகிறார்கள்

வெர்சாய் அரண்மனை,
திராட்சை அறுவடை முடிந்த வாரம்.

ஆர்லியான்ஸ் நகரில் திராட்சைக் காடி வணிகம் செய்துவரும் என் மரியாதைக்குரிய மாப்பிள்ளை, குடிமகன் பாஸ்தியென் அவர்களுக்கு, மாமனார் ஹிலேர் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். அங்கு நீங்களும், என் மகள் ஒதீலும், பிரசவத்துக்கு உதவ வந்து திரும்பவே மறந்துவிட்ட என் மனைவி பெரினும், பிறந்த குழந்தையும், காடிப் பீப்பாய்களும் நலமாயிருக்க வேண்டுகிறேன். யாரை வேண்டுகிறேன் என்று எழுதவில்லை. கடவுள் பெயரைக் கண்டால் கடிதத்தைப் பிரித்துப் படிப்பவர்கள் கோபித்துக்கொள்கிறார்களாம். உங்களைக் 'குடிமகன்' என்று போட்டதும் அவர்களுக்காகத்தான், புது ஆட்சியில் எல்லோரும் குடிமகன்தானாம், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்னைக் கூட்டிவர நீங்கள் அனுப்பிய வண்டியை வெறும் வண்டியாகத் திருப்பி அனுப்பிவிட்டேன் என்று பெரின் வீட்டை இரண்டாக்கியிருப்பாள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அரசரின் படுக்கையறைக் கதவைத் திறப்பது எங்கள் குடும்பத்துக்கு நான்கு தலைமுறை வேலை. என் கொள்ளுத்தாத்தா சேர்ந்தபோது இங்கே பாதி சதுப்பு, மீதி சாரம். அப்போதிருந்த பெரிய அரசர், தம்மை எதிர்த்துப் படை திரட்டக்கூடிய பிரபுக்களையெல்லாம் இங்கே வரவழைத்துத் தங்கவைத்து, காலையில் உடுத்தும்போது தம் சட்டையின் வலது கையைப் பிடிக்கும் உரிமையை ஒருவருக்கும் இடது கையை இன்னொருவருக்கும் கொடுத்தார். அவ்வளவுதான், கோட்டை வைத்திருந்தவர்கள் கோட்டையை மறந்துவிட்டு அந்த இடது கைக்காக ஒருவரையொருவர் குதறிக்கொண்டார்கள். நாடு அவர் கைக்குள் வந்துவிட்டது. அவர் கதவை யாரும் தட்டக்கூடாது. சுண்டுவிரல் நகத்தால் மெல்லச் சுரண்டத்தான் வேண்டும், அதற்கென்றே நகம் வளர்த்தார்கள். சுரண்டியவர் பெரிய இடம் என்றால் கதவின் இரு பக்கத்தையும் திறப்போம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம். என் அப்பா காலத்தில் சட்டை பிடிக்க வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். என் காலத்தில் பாதிப் பேர் வரவேயில்லை. பிறகு ஒரு அக்டோபரில் பாரிசுப் பெண்கள் ரொட்டி கேட்டு மழையில் நடந்துவந்து, அரசரையே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே அவர் தலைக்கு என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். விவரமாக எழுதினால் என் தலைக்கும் ஆகும்.

அந்தச் செய்தி வந்த மறுநாள் முற்பகல், பளிச்சென்று வெயில், நான் கதவருகே உட்கார்ந்து வெங்காய சூப் குடித்துக்கொண்டிருந்தேன். கதவைச் சுரண்டும் சத்தம் கேட்டது. உள்ளிருந்து. மாப்பிள்ளை, உள்ளே ஆள் கிடையாது, சாவி என் இடுப்பில் இருந்தது. சூப் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன், ஆனால் என் கவலை வேறு. உள்ளே போகிறவர்களுக்குத்தான் ஒரு பக்கமா இரு பக்கமா என்ற விதி இருக்கிறது. வெளியே வர விரும்புகிறவர் யாரென்றே தெரியாதபோது எப்படித் திறப்பது? யோசித்து யோசித்து, திறக்காமலே விட்டுவிட்டேன். அன்றிலிருந்து தினமும் சுரண்டல். அவசரமே இல்லாத சுரண்டல்.

போன மாதம் அரண்மனைச் சாமான்களை ஏலம் விட அதிகாரி ஒருவர் வந்தார். திபோல் என்று பெயர், முன்பு தோல் பதனிட்டவர், நல்ல மனிதர், தோளில் கைபோட்டுப் பேசினார். "நீங்க வாங்க எல்லாம் ஒழிஞ்சுபோச்சு பெரியவரே. இனிமே எல்லாருக்கும் எல்லாரும் நீதான். எங்க, என்னை நீன்னு கூப்பிடு பாப்போம்," என்றார். "சரிங்க," என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். கட்டிலைத் தூக்க லூபேன் என்ற தடியனையும் இன்னும் சில சுமைகூலிகளையும் கூட்டிவந்திருந்தார். கதவைத் திறந்ததும் அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். "எவன்டா தொப்பியைக் கழட்டச் சொன்னான்? மாட்டுங்கடா!" என்று திபோல் கத்தினார். மாட்டினார்கள். நாலடி நடப்பதற்குள் மறுபடியும் தொப்பி கையில். "ரொம்பக் குளிருதுங்க," என்றான் லூபேன். குளிருக்குத் தொப்பியைக் கழற்றுகிறவனை நான் அன்றுதான் பார்த்தேன். கட்டிலை யாரும் தொடவில்லை. திட்டிக்கொண்டே வெளியே வந்தார் திபோல், ஆனால் எப்படி வந்தார் தெரியுமா? கட்டிலுக்கு முதுகு காட்டாமல், பின்புறமாகவே நடந்து. அரசர் முன்னிருந்து அப்படித்தான் வெளியேறுவார்கள். அவருக்கு அது தெரியவே இல்லை. நிலைப்படியில் இடறி என் மேல்தான் விழுந்தார்.

மறுநாள், "இந்த மடத்தனத்தை இன்னைக்கே ஒழிக்கிறேன். பட்டப்பகல்ல அந்தக் கட்டில்ல படுத்து ஒரு தூக்கம் போட்டுட்டு வரேன். கதவைச் சாத்து," என்று சேற்றுப் பூட்சோடு உள்ளே போனார். சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் சுரண்டல் கேட்டது. வாய் இருக்கிற மனுஷன் கூப்பிடலாமே, ஏன் சுரண்டுகிறார் என்று நினைத்தபடி, குடிமகன்தானே என்று ஒரு பக்கம் மட்டும் திறந்தேன். கதவருகே யாரும் இல்லை. அவர் தூரத்தில் கட்டிலில், திரைக்குப் பின்னால், அசையாமல் படுத்திருந்தார். "ரெண்டையும் திற," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அதற்கு முன் அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. என் கை தானாகப் போய்த் திறந்தது. சொல்ல வெட்கமாயிருக்கிறது மாப்பிள்ளை, எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அப்புறம் அவர் வெளியே வரவேயில்லை. சட்டை மாற்ற லூபேனைக் கூப்பிட்டார். அடுத்த நாள் இடது கைக்கு இன்னொருவனை. அரசர் தலை விழுந்த அன்று தெருவில் ஆடிய பயல்கள், என் கதவுக்கு வெளியே மல்லுக்கு நிற்கிறார்கள்: "நேத்து நீதானடா வலது கை பிடிச்ச? இன்னைக்கு என் முறை!" "போடா, உன் கையில பூண்டு நாத்தம், அவருக்கு ஆகாது!" லூபேன் சுண்டுவிரல் நகம் வளர்க்கிறான். நானே ஒருமுறை மறந்துபோய், "நீ சாப்பிட்டியா?" என்று திபோலைக் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை. எனக்கு அப்பால் சுவரைப் பார்த்தபடி, "யார் இது?" என்று லூபேனிடம் கேட்டார். ஒருநாள் ஆளில்லாத சமயம் பார்த்து அவர் என் கையைப் பிடித்து, பழைய குரலில், "பெரியவரே, என்னை இங்கேருந்து இழுத்துக்கிட்டுப் போயிடு. என்னால எழுந்திருக்க முடியலை," என்றார். நான் இழுத்தேன். சின்ன உடம்புதான், அசையவில்லை. அதற்குள் லூபேன் வந்துவிட்டான், அவர் கையை விட்டுவிட்டு மறுபடி சுவரைப் பார்த்தார்.

விஷயம் பாரிசுக்குப் போய், முந்தாநாள் சிப்பாய்கள் வந்து அவரை வண்டியில் ஏற்றினார்கள். சிப்பாய்கள் தூக்கியதும் அழுதுகொண்டே எழுந்துவிட்டார் பாவம். "நான் தோல்காரன், வெறும் தோல்காரன்," என்று போகிற வழியெல்லாம் சொன்னார். எந்த வண்டி எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். கூலிகள் சிரித்துக்கொண்டு கையசைத்தார்கள். நேற்றுக் காலை மறுபடி சுரண்டல் ஆரம்பித்துவிட்டது. திங்கட்கிழமை புது அதிகாரி வருகிறாராம், இளவட்டமாம், மனைவி கர்ப்பமாம். அவரை உள்ளே விடாமல் தடுக்க என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? அதனால்தான் மாப்பிள்ளை, நான் வருவதற்கில்லை. சாவி என்னிடம் இருக்கும்வரை இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். பெரினிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். நான் பிடிவாதக்காரன் என்று திட்டினால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒதீலுக்கு என் ஆசிகள். குழந்தைக்கு முத்தம். உங்கள் காடி புளிப்புக் குறையாமல், உங்கள் குடும்பம் இனிப்புக் குறையாமல் வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார் ஹிலேர்.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். கையெழுத்துப் போட்டதும், படுக்கையை ஒழுங்கு செய்யலாமே என்று உள்ளே போனேன். முழங்கால் வலித்தது. கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம்தான் உட்கார்ந்தேன். லூபேன் எங்கிருந்தோ வந்து மண்டியிட்டான், என் செருப்பைக் கழற்றக் கை நீட்டினான். நான் காலை நீட்டிவிட்டேன், மாப்பிள்ளை. என்னமோ பிறந்ததிலிருந்து நீட்டிப் பழகியவன் மாதிரி நீட்டிவிட்டேன். எப்படி எழுந்து ஓடிவந்தேன் என்று தெரியவில்லை. ஒரு செருப்பு அங்கேயே கிடக்கிறது. சாவியைக் கால்வாயில் எறிந்துவிட்டேன். இந்தக் கடிதத்தை முன்னால் அனுப்பிவிட்டு அடுத்த வண்டியிலேயே நானும் வருகிறேன், புது அதிகாரியை வழியில் எங்காவது பார்த்தால் உள்ளே போக வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். வந்ததும் உங்கள் கதவைத் தட்டுவேன், முஷ்டியால், ஊரே எழுந்திருக்கும்படி தட்டுவேன். சுரண்டல் கேட்டால், என் குரலே கேட்டாலும், திறக்காதீர்கள்.