சிக்ஸ் அடிச்சா அவுட்

ஆறாம் கிளாஸ் பிள்ளைகளுக்குப் பத்து நாளில் கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கணும். நான் ஒத்துக்கிட்ட வேலை அவ்வளவுதான்.

பிளஸ் டூ முடிச்சு வீட்டில் சும்மா இருக்கேன். நான் நர்சிங் படிக்கணும் என்பது அப்பாவின் ஆசை. எனக்கு விளையாட்டு டீச்சர் ஆகணும். ரெண்டு வாரமா வீட்டில் இதே சண்டை.

அந்த நேரம் பார்த்து நான் படிச்ச ஸ்கூல் ஹெட்மாஸ்டர் போன் பண்ணினார். விளையாட்டு வாத்தியார் லீவாம். பக்கத்து ஊர் ஸ்கூலோடு ஐந்து ஓவர் மேட்ச் இருக்காம்.

"பிள்ளைகளுக்கு அடிப்படை மட்டும் சொல்லிக்கொடு, மக்களே. போதும்."

அப்பா கறாரா சொல்லிட்டார். "மேட்சுக்கு நான் வருவேன். பிள்ளைகள் உன் பேச்சைக் கேட்டு ஒழுங்கா விளையாடுனா, நீ கேட்ட படிப்பு. இல்லன்னா வாயை மூடிட்டு நர்சிங்."

"செரி!" என்றேன். யோசிக்கிறதெல்லாம் எனக்குப் பிறகுதான்.

முதல் நாளே சிக்கல். ஸ்கூல் மைதானம் முழுக்கப் புதுக் கட்டடத்துக்கு ஜல்லியும் மணலும் கொட்டிக் கிடக்கு. மதிலுக்கு அந்தப் பக்கம் செல்லப்பன் மாமாவின் ரப்பர் தோட்டம். போய்க் கேட்டேன்.

"விளையாடுங்க. ஆனா காலம்பற மரத்துல பால் வடிஞ்சிட்டு இருக்கும், கேட்டியா? ஒரு சிரட்டை கவுந்துன்னு வையி, அதோட எல்லாரும் வெளிய!"

பால் பிடிக்க மரத்துக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை. சிரட்டை நிறைய ரப்பர் பால். ரெண்டு வரிசை மரங்களுக்கு நடுவில் எங்கள் பிட்ச். வேற வழியில்லாம ரூலை எல்லாம் நானே மாத்தினேன்.

பந்து தலைக்கு மேல போனா அவுட். கிளையில் பட்டு எந்தச் சிரட்டையில் விழும்னு யாருக்குத் தெரியும்? பந்தைப் பொறுக்கினவுடனே எறியப்பிடாது. நாலு பக்கமும் பார்த்து, "சிரட்டை ஓகே!" என்று கத்தின பிறகுதான் எறியணும். வைடுன்னா, மரத்துக்கு அந்தப் பக்கம் போனாதான் வைடு.

டீமிலேயே சின்னப் பிள்ளை ஷைனி. கேள்வி கேக்கிறதில் மட்டும் பெரிய ஆள்.

"அக்கா, டிவில சிக்ஸ் அடிச்சா கைதட்டுதாங்களே?"

"டிவில ரப்பர் மரம் நிக்கா? நான் சொல்லுததுதான் ரூல்."

"எப்பவுமா?"

"எப்பவும்! வாயாடாம குனிஞ்சு அடிட்டி!"

பத்து நாளில் ஒரு சிரட்டை கவிழவில்லை. செல்லப்பன் மாமாவே "கொள்ளாம், நல்லாருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியல்ல. பாதி டீச்சர் ஆகிட்ட நினைப்பு.

மேட்ச் அன்னைக்கு அந்த ஸ்கூல் மைதானத்தில் போய் இறங்கினோம். பெரிய மைதானம். ஒரு மரம் கிடையாது. அப்பா பைக்கில் வந்து வேலியோரம் நின்றார்.

அவங்க முதல் பேட்டிங். எங்க ஜெபின் போட்ட முதல் பந்து ரொம்பத் தள்ளிப் போச்சு. அம்பயர் ரெண்டு கையையும் விரிச்சார்.

ஜெபின் அசரவே இல்லை. "சார், மரம் எங்க இருக்குன்னு முதல்ல சொல்லுங்க. அப்பதானே வைடான்னு தெரியும்?"

"என்ன மரம்லே?"

அடுத்த பந்தை ஒருத்தன் தட்டிவிட்டு ஒரு ரன் ஓடினான். எங்க பையன் பந்தைப் பொறுக்கினான். நின்னான். இடது பக்கம் பார்த்தான். வலது பக்கம் பார்த்தான். அதுக்குள்ள ரெண்டாவது ரன்னும் ஓடிட்டாங்க.

"சிரட்டை ஓகே!"

அதுக்குப் பிறகு எறிஞ்சான். மூணாவது ரன்!

அம்பயர் என்கிட்ட வந்தார். "எந்தச் சிரட்டையம்மா?"

"அது... எங்க பயிற்சி சார்" என்றேன். அப்பா இருந்த பக்கம் நான் திரும்பவே இல்லை.

நாங்க பேட்டிங் பிடிச்சப்போ கொஞ்சம் உயிர் வந்துச்சு. எல்லாரும் தரையோடு தரையா அழகா அடிச்சாங்க. ஓடி ஓடி ரன் சேர்ந்துச்சு. கடைசிப் பந்தில் நாலு ரன் வேணும். மட்டையோட நிக்கது ஷைனி.

நர்சிங் என் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு.

"ஏட்டி, கண்ணை மூடிட்டு அடி!" என்று கத்தினேன்.

அடிச்சா பாருங்க! பந்து வேலியைத் தாண்டி வாழைத்தோட்டத்துக்குள்ள போய் விழுந்துச்சு. சிக்ஸ்! நாங்க ஜெயிச்சாச்சு! நான் குதிச்சேன்.

நான் மட்டும்தான் குதிச்சேன்.

எங்க பிள்ளைகள் எல்லாம் தலையில் கையை வச்சு உக்காந்துட்டாங்க. ஜெபின் "போச்சே!"ன்னு ஒரே அழுகை. ஷைனி மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கிட்டு, தலையைத் தொங்கப்போட்டு வெளியே நடந்து வாறா. இதைப் பார்த்த எதிர் டீம், தாங்கதான் ஜெயிச்சோம் போலன்னு ஆட ஆரம்பிச்சுட்டு! அம்பயர் ரெண்டு கையையும் தூக்கிட்டு நடுவில் தனியா நிக்கார். அவரை ஒரு ஆள் பார்க்கல்ல.

"ஸாரிக்கா. தலைக்கு மேல போயிட்டு."

"ஏட்டி, ஜெயிச்சாச்சு!"

"அவுட்டுல்லாக்கா?"

"இல்ல! அது தோட்டத்துல மட்டும் உள்ள ரூல்!"

கண்ணைத் துடைச்சுட்டு என்னை ஒரு பார்வை பார்த்தா. "எப்பவும்னு நீங்கதானே சொன்னிய?"

நான் அம்பயரைக் கூட்டிட்டு வர ஓடினேன்.

அம்பயர் ரெண்டு டீமையும் உக்கார வச்சு, யார் ஜெயிச்சாங்கன்னு கால் மணி நேரம் விளக்கினார். அதுக்குப் பிறகுதான் அழுதவங்க சிரிச்சாங்க, ஆடினவங்க அழுதாங்க.

திரும்பி வரும்போது பைக்கில் அப்பாவுக்குப் பின்னால உக்காந்திருந்தேன். அவர் முதுகு குலுங்கிட்டே இருந்துச்சு. பாதி வழியில் பைக்கை ஓரமா நிறுத்தி, கண்ணைத் துடைச்சார்.

"பிள்ளைகள் உன் பேச்சை அப்படியே கேட்டிருக்கு, மக்களே. அதுல குறை இல்ல. நீ விளையாட்டுப் படிப்புக்கே போ."

"நிஜமாவா அப்பா?"

"பின்ன? நீ நர்சாயி இப்படிப் பாதியச் சொல்லி மீதிய விட்டேன்னா, ஆளுல்லா செத்துப்போவான்!"