பழப்புளி போட்டு மினுக்கின ஆமிக்காரத் தகடு

போன மாதம் ஒரு வியாழக்கிழமை எனக்கு இருந்தது ஒரேயொரு வேலைதான். சேமக்காலையில இருக்கிற வெண்கலத் தகட்டை ஈரத் துணியால துடைக்க வேணும். அவ்வளவுதான்!

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். ஸ்காபரோவில ஒரு பிளாசாவுக்குப் பின்னால, கொத்துரொட்டி அடிக்கிற சத்தம் கேக்கிற தூரத்தில, ஒரு சின்னப் பழைய சேமக்காலை, அதுதான் கல்லறைத் தோட்டம், இருக்கு. அதின்ர ஓஃபிஸில நான் பார்ட் ரைம். உலகப் போருக்குப் போய் வந்த ஆமிக்காரர் கொஞ்சப் பேரையும் அங்கதான் தாட்டிருக்கு. அவையின்ர பேரெல்லாம் வாசல் சுவரில, அந்த வெண்கலத் தகட்டில இருக்கு.

என்ர மனிசன் இதைச் "சுடலை வேலை" எண்டுதான் சொல்லுவார். வேலையால வந்து குளிக்காமல் கதிரையில இருக்க விடமாட்டார்.

"இவ்வளவு வருசமா இந்த நாட்டில இருக்கிறம். நாட்டுக்கு நீ செய்த தொண்டு உதுதானோ?"

அண்டைக்குக் காலமையும் இதைச் சொல்லித்தான் ரீ குடிச்சவர். நான் அதை மனசுக்க வைச்சிருந்தனான்.

ஆமிக்காரரின்ர கல்லறைகளைத் திருத்த அரசாங்கம் எங்களுக்கு ஒரு கிராண்ட் தந்தது. முதல்ல பாதிதான். ஒபிசர் ஒராள் நேர வந்து, குடுத்த காசு சொன்ன வேலைக்குத்தான் போனதோ எண்டு பார்த்து, சரி எண்டு எழுதினால்தான் மற்றப் பாதி.

அந்த மற்றப் பாதிக்காக ஹெலன் தவம் கிடந்தவ. ஹெலன்தான் எங்கட சேமக்காலை போர்ட்டுக்குத் தலைவி, எண்பது தாண்டின வெள்ளைக்கார மனிசி. அவவின்ர அப்பாவும் அந்த ஆமிக்காரரில ஒராள், அவரின்ர கல்லும் அங்கதான். இப்ப விழவோ, பேந்து விழவோ எண்டு சரிஞ்சு நிக்குது.

"ஸ்நோ வர முதல் அப்பாவை நிமித்திப் போடோணும் வசந்தி" எண்டு கோடை முழுக்க இதே கதைதான். கேட்டுக் கேட்டு எனக்கும் அது என்ர அப்பா மாதிரி ஆகிட்டுது.

அண்டைக்குத்தான் ஒபிசர் வாற நாள். "மிஸ் ஃபெர்னாண்டோ" எண்டு ஈமெயிலில இருந்தது. நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்கள ஆளாக்கும் எண்டு நினைச்சன்.

"தகட்டில குருவி எச்சம் இருக்கு. சும்மா ஈரத் துணியால ஒருக்காத் துடைச்சு விட்டால் காணும்" எண்டு ஹெலன் முதல் நாளே சொன்னவ.

சும்மாத் துடைக்கிறதோ? எனக்கோ?

அந்தத் தகடு இருந்த கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேணும்! கறுப்பும் பச்சையுமாக் களிம்பு பிடிச்சு, ஒரு பேரும் விளங்காது. என்ர வீட்டில குத்துவிளக்கு இப்பிடிக் கிடந்தால் மாமியார் எங்கட டோர்செட் பார்க் அயல் முழுக்கச் சொல்லி முடிச்சிருப்பா. அரசாங்கத்து ஆள் வந்து பார்த்தால் என்ன நினைக்கும்? காசை வாங்கிப்போட்டு ஒரு தகட்டைக்கூட மினுக்கேல்லை எண்டெல்லோ நினைக்கும்!

நான் விடியவே பழப்புளியைக் கரைச்சு, ஐஸ்கிறீம் பெட்டியில ஊத்தி, பாத்திரம் தேய்க்கிற தும்பையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினன். சாம்பலுக்கு எங்க போறது? சாமித்தட்டில கோயில் திருநீறு பைக்கற் பைக்கற்றாச் சேர்ந்து கிடந்தது. அதையும் அள்ளிப் போட்டன். பக்கத்து சீற்றில இருந்த பொடிச்சி மூக்கைச் சுழிச்சுக்கொண்டு எழும்பிப் பின்னால போயிட்டாள். எனக்கென்ன, கைப்பையை வைக்க இடம் கிடைச்சுது.

தேய்ச்சன். தேய்ச்சன். தோள்மூட்டுக் கழண்டு போச்சு. ஆனால் களிம்பு போகப் போக, உள்ளுக்கிருந்து பொன் நிறம் வருது! எழுத்தெல்லாம் எழும்பி நிக்குது! எனக்கெண்டால் பெருமை தாங்கேலாமல் போச்சு. போனில படம் எடுத்து மனிசனுக்கு அனுப்பினன்.

"வீட்டு விளக்கை எப்ப மினுக்குவாய்?" எண்டு பதில் வந்தது.

கொஞ்ச நேரத்தில ஹெலனும் ஒபிசரும் ஒண்டாத்தான் வந்தவை. நான் கலியாண வீட்டு வாசலில நிக்கிற மாதிரிச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறன்.

ஹெலன் தகட்டைப் பார்த்தா. முகம் வெளிறிப் போச்சு.

"வசந்தி... பழசு எங்க?"

"எது பழசு?"

"பழைய தகடு! எங்க அது?"

ஒபிசர் பிள்ளை முப்பத்தைஞ்சு வயசிருக்கும், கறுப்புக் கோட். பைலைத் திறந்து ஒரு படத்தை எடுத்தா. நாங்கள் கிராண்டுக்கு அனுப்பின படம். அதில கறுப்புத் தகடு. சுவரில மஞ்சள் தகடு.

"கிராண்ட் பழசைப் பாதுகாக்க மட்டும்தான். புதுசு மாத்தினால் தந்த காசையும் திருப்பிக் கேக்க வேண்டி வரும்" எண்டு இங்கிலிஸில மெல்லமாத்தான் சொன்னா. மெல்லமாச் சொன்னதுதான் எனக்கு இன்னும் பயம்.

"மாத்தேல்ல! நான் மினுக்கினனான்!"

"வெண்கலத்தில தானா வாற அந்தக் கறுப்பு நிறத்தைத் தொடக் கூடாது எண்டு நிபந்தனையில இருக்கே. நீங்கள் வாசிக்கேல்லையா?"

வாசிக்கிறதோ? அந்த நிபந்தனையை ஸ்கான் பண்ணி, எல்லாருக்கும் அனுப்பி, பைலில குத்தி வைச்சதே நான்தான்! வாசிக்கத்தான் இல்லை.

இந்த நேரம் பார்த்துக் குளவி வந்தது. செப்ரெம்பர் மாதம், சுவரடியில வழிஞ்சு கிடந்த புளித்தண்ணி, வேறென்ன வேணும் அதுகளுக்கு? ஒண்டு வந்து, பத்து வந்து, பேந்து ஒரு கூட்டமே வந்திட்டுது. ஹெலன் அரசாங்கத்தின்ர பைலைப் பறிச்சு அதால விசுக்குறா. ஒபிசர் கோட்டைத் தலையில போட்டுக்கொண்டு குனிஞ்சு நிக்கிறா. நான் தும்பும் கையுமா நடுவில.

குனிஞ்ச ஒபிசர் குனிஞ்சபடியே தகட்டை உத்துப் பார்த்தா. ஒரு எழுத்தின்ர வளையத்துக்க ஏதோ இறுகிக் கிடந்தது. பேனை நுனியால அதைக் கிளப்பி எடுத்தா. நார். மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனா.

பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தா.

"அக்கா... இது புளிதானே?"

தமிழ்! நல்ல சுத்தத் தமிழ்!

"ஓம் பிள்ளை" எண்டன். வேற என்ன சொல்லுறது?

"நான் தூத்துக்குடி, அக்கா. எங்கம்மா குத்துவிளக்க இப்படித்தான் தேய்ப்பாங்க. இந்த வெள்ளையா இருக்கே, இது என்ன?"

"திருநீறு."

அந்தப் பிள்ளை கண்ணை மூடித் திறந்துது. கோவமோ சிரிப்போ தெரியேல்ல.

"கிராண்ட் காசுல வாங்கினீங்களா?"

"ஐயோ இல்லை! என்ர வீட்டுப் புளி."

"பில் இருக்கா?"

"புளிக்கோ?!"

சுவரோட ஒட்டின விளிம்புக்கு என்ர தும்பு போகேல்ல. அங்க பச்சைக் களிம்பு அப்பிடியே கிடந்தது. அதைக் காட்டினன். பிள்ளை அதைப் போனில படம் எடுத்தா, விரலால சுரண்டிப் பார்த்தா, பழைய படத்தோட ஒவ்வொரு திருகாணியாப் பொருத்திப் பார்த்தா. பழைய தகடுதான்.

"தகடு மாறல. ஆனா நீங்க பண்ணுனது தப்புதான், அக்கா. அந்த நிறம் திரும்ப வர வருசக்கணக்காகும்."

தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டன். என்ர வடிவு பார்க்கிற விசரால ஹெலனின்ர அப்பா இந்த ஸ்நோவுக்கும் சரிஞ்சுதான் கிடக்கப் போறார்!

திரும்பிப் பார்த்தால் ஹெலன் குளவியையும் மறந்து தகட்டுக்குக் கிட்டப் போய் நிக்கிறா. ஒரு பேரில விரல் வைச்சிருக்கிறா.

"இவ்வளவு காலமும் விரலால தடவித்தான் அப்பாவைக் கண்டுபிடிக்கிறனான். இண்டைக்குத்தான் வாசிக்கிறன்."

எனக்கு அழுகை வந்திட்டுது. ஒபிசர் பிள்ளை பைலுக்குள்ள மூக்கை விட்டுக்கொண்டு எதையோ நெடுகத் தேடிக்கொண்டே இருந்தது.

பிறகு எல்லா ரசீதையும் வரி வரியாப் பார்த்து, ஒவ்வொரு கல்லையும் போய்ப் பார்த்துத்தான் போனா. காரில ஏற முதல் என்னைக் கூப்பிட்டா.

"எல்லாத்தையும் ரிப்போர்ட்ல எழுதத்தான் செய்வேன். ஒளிக்க முடியாது. ஆனா காசு சரியான வேலைக்குத்தான் போயிருக்கு, அதையும் எழுதுவேன்."

நேற்று முடிவு வந்தது. மற்றப் பாதிக் காசு வருது! ஹெலன் என்னைக் கட்டிப்பிடிச்சு, அடுத்த கிழமையே வரச்சொல்லிக் கல்லு நிமித்திற ஆக்களுக்குப் போன் அடிச்சிட்டா.

கடிதத்தோட புது நிபந்தனைத் தாளும் வந்திருந்தது. இந்த முறை முழுக்க வாசிச்சனான். கடைசி வரி இதுதான்: "நினைவுத் தகடுகளில் உணவுப் பொருட்களோ, வழிபாட்டுப் பொருட்களோ பயன்படுத்தக் கூடாது." கிராண்ட் வாங்கிற எல்லாச் சேமக்காலைக்கும் இனி இதுதானாம்.

பிரிண்ட் எடுத்து பிரிட்ஜில ஒட்டியிருக்கிறன். நாட்டுக்கு நான் என்ன செய்தனான் எண்டு என்ர மனிசன் இனி ரீ குடிக்கேக்க வாசிக்கட்டும்.