தொப்பியைக் கழற்றிய சிக்னல் சார்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் தேடிப் பாருங்கள். வாயையே திறக்காமல் இத்தனை பேரை இத்தனை வருஷம் திட்டித் தீர்த்தவர் எங்கள் சிக்னல் சாரைத் தவிர வேறு யாரும் கிடைக்க மாட்டார்.

சார் எங்கள் கல்லூரியில் பேஸ்பால் கோச். 'பேஸ்பாலா, அதை இங்கே யார் விளையாடுகிறார்கள்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என் அப்பாவும் அதையேதான் கேட்டார். நாங்கள் பதினாலு பேர் விளையாடினோம். வேடிக்கை பார்க்க ஒரு நாய் வரும். கேன்டீனில் கறிக்குழம்பு வாசம் கிளம்பினால் அதுவும் போய்விடும்.

ஆட்டம் சுலபம். மைதானத்தில் நாலு மூலை. மூலைக்கு மூலை மணல் அடைத்த சாக்கு. அதற்குப் பெயர்தான் பேஸ். பந்தை அடித்துவிட்டுச் சாக்கு சாக்காக ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஒரு ரன். சாக்கைத் தொடுவதற்குள் எதிராளி பந்தால் நம்மைத் தொட்டுவிட்டால் அவுட். எப்போது ஓடுவது, எப்போது நிற்பது என்பதைக் கோச் மூன்றாவது சாக்குப் பக்கத்தில் நின்று ஜாடையில் சொல்வார். எதிராளிக்குப் புரியக் கூடாதே! மூக்கைத் தொட்டால் பந்தை லேசாகத் தட்டு. காதைத் தொட்டால் அசையாதே. இடுப்பைத் தொட்டால் யாரையும் கேட்காமல் ஓடு. ஆனால் முதலில் தொப்பியைத் தொட வேண்டும். தொப்பியைத் தொடாமல் உடம்பு முழுக்கத் தடவிக்கொண்டாலும் அது வெறும் டூப்பு, எதிராளியை ஏமாற்ற.

எல்லா ஊர்க் கோச்சும் இதை மைதானத்துக்குள் செய்வார்கள். எங்கள் சார் மைதானத்துக்கு வெளியேயும் இருபது வருஷத்துக்கு மேல் இப்படித்தான் வாழ்ந்தார். ஒரு நாள் கேம்ப் ரோடு போகிற ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினார். உள்ளே ஏற்கெனவே ஏழு பேர். சார் தொப்பியைத் தொட்டு, காதைத் தொட்டார். நில்லு, யோசிக்கிறேன் என்று அர்த்தம்.

"யோவ் பெரியவரே, ஏறினா ஏறு, இல்லாங்காட்டி வுடு. நடுரோட்ல நின்னுகினு இன்னாத்துக்கு ஒடம்ப சொறிஞ்சினு கீற?" என்றார் டிரைவர்.

"அண்ணா, சார் உங்கள வெயிட் பண்ண சொல்றாரு," என்றேன் நான்.

"அத வாயத் தொறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

சார் அதற்கும் ஒரு சிக்னல் கொடுத்தார். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். டிரைவருக்குத் தெரியாதது சாரின் அதிர்ஷ்டம்.

இன்னொரு நாள் செங்கல்பட்டில் மேட்ச். தாம்பரம் பிளாட்பாரத்தில் பதினாலு பேரும் ஆளுக்கொரு பேட்டோடு நிற்கிறோம். பேஸ்பால் பேட் பார்ப்பதற்கு எப்படி இருக்கும் என்று தெரியுமல்லவா, அசல் உருட்டுக்கட்டை. ஒரு போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"இன்னாப்பா, எந்தக் காலேஜ்காரன பொளக்கப் போறீங்க?"

சார் விளக்க ஆரம்பித்தார். விளக்கம் என்றால் வழக்கமான விளக்கம்தான். என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார், இடுப்பைத் தொட்டார். நான் ஓடினேன். எனக்குப் படிப்பு வராது. கணக்கு என்னைக் கண்டால் எழுந்து போய்விடும். ஆனால் சார் இடுப்பைத் தொட்டால் என் கால் என்னைக் கேட்காது. "தோ ஓட்றான் பாரு, புடி அவன!" என்று போலீஸ்காரர் பின்னால் ஓடி வர, நான் தண்ணீர்க் குழாய் வரைக்கும் போய்ச் சறுக்கி விழுந்தேன். சார் நிதானமாக நடந்து வந்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். நான் அவுட் இல்லை என்று அர்த்தம். போலீஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த வண்டியில் ஏற்றி அனுப்பியதும் அவர்தான்.

இப்படிப்பட்டவரைத்தான் எங்கள் காலேஜ் விளையாட்டுத் துறைக்கு டைரக்டர் ஆக்கியது. பழைய டைரக்டர் ரிட்டயர் ஆன மறுவாரம் சார் மைதானத்தைவிட்டு மாடி அறைக்குப் போய்விட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு சிக்னல்கூடக் கொடுக்கவில்லை.

"நம்மள கழட்டி வுட்டுட்டு ஏசி ரூமுக்குப் போய்ட்டாருடா மச்சான்," என்றான் சேகர். அவன்தான் எங்கள் பிட்சர், பந்து எறிபவன். கோவளத்தில் மீன்பிடிக்கிற வீட்டுப் பையன். கோபம் வந்தால் அவன் பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. அன்று நாலு பந்து மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற ஏரிக்குள் போனது.

எனக்கும் கோபம்தான். ஆனால் எனக்குக் கோபம் வந்தால் குறும்பாகத்தான் வெளியே வரும். மைதானத்தில் கோடு போடுகிற சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு போய் அவர் அறைக் கதவில் 'ஏசி சார்' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு வந்தேன். ஏசிக்கு மட்டும் நாலைந்து பனித்துளி வரைந்தேன்.

மாடியில் சார் பட்ட பாட்டைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். முதல் நாளே பிரின்சிபால், "டைரக்டர் ஆயிட்டீங்க, தொப்பி வேணாமே சார்," என்று சொல்லிவிட்டார். சார் கழற்றினார். தொப்பிக்குக் கீழே வழுக்கை இருப்பது காலேஜுக்கே அன்றுதான் தெரிந்தது. தலை போனால்கூடச் சமாளித்திருப்பார். தொப்பி போனதில் மனிதர் ஊமையாகிவிட்டார். என்ன ஜாடை காட்டினாலும் அவர் கணக்குப்படி அது டூப்புதானே!

அப்புறம் பேன்ட். வாழ்நாள் முழுக்க டிராக் பேன்ட் போட்டவர், ஆபீசுக்கென்று தைக்கக் கொடுத்தார். டெய்லர் அளவெடுக்கும்போது டிராக் பேன்ட்டைக் கழற்ற வெட்கப்பட்டு, அதற்கு மேலேயே அளவு கொடுத்துவிட்டார். விளைவு, உள்ளே இன்னொரு ஆள் குடியிருக்கலாம் போல ஒரு பேன்ட்.

அந்த அலுவலகத்தின் கிளார்க் பாத்திமா அக்கா. உண்மையில் துறையை நடத்துவது அவர்தான். "சார், வாயத் தொறந்து சொல்லுங்க சார். மூக்கத் தொட்டா நான் இன்னான்னு டைப் பண்றது?" என்று அவர் கெஞ்சுவது வராண்டா வரைக்கும் கேட்கும்.

கதவில் எழுதியது நான்தான் என்று கண்டுபிடிக்க அக்காவுக்குப் பத்து நிமிஷம் ஆனது. ஈரத்துணியைக் கையில் கொடுத்து என்னைத் துடைக்க வைத்தார்.

"ஏன்டா, ஏசி சாரா? அந்த ரூம்ல ஏசி ஓடியே மூணு வருஷம் ஆவுது. அறிவிருக்கா உனக்கு?"

"பின்ன ஏன்கா எங்கள வுட்டுட்டு வந்தாரு?"

அக்கா குரலைத் தாழ்த்தினார். அடுத்த வருஷத்துக்கான ஸ்போர்ட்ஸ் கோட்டா லிஸ்ட் தயாராகிறதாம். கூட்டம் வரவில்லை, கப்பு வரவில்லை என்று அதில் பேஸ்பாலை எடுத்துவிடப் போகிறார்களாம். லிஸ்ட்டில் இல்லாத விளையாட்டுக்கு சீட் கிடையாது, ஹாஸ்டல் கிடையாது, ஃபீஸ் சலுகை கிடையாது.

"இந்தப் பதவிய ரெண்டு தடவ வேணாம்னவருடா அவரு. லிஸ்ட் விஷயம் காதுல விழுந்ததும் தானா வந்து ஒக்காந்தாரு. டைரக்டரா இருந்தாத்தான் கமிட்டில பேச முடியும்."

"பேசறதா? நம்ம சாரா?"

"அதான்டா எனக்கும் பயமா இருக்கு."

கதவை இரண்டாவது தடவையும் நானாகவே துடைத்தேன். மைதானத்துக்குப் போய்ச் சேகரிடம் சொன்னேன். ஹாஸ்டல் போனால் அவன் மறுநாளே கோவளத்துக்குப் போய்ப் படகு ஏற வேண்டியதுதான். பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றான்.

கமிட்டிக் கூட்டத்தில் மாணவர் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி. மற்ற டீம் கேப்டன்கள் எல்லோருக்கும் அன்றைக்குத் திடீரென்று காய்ச்சல் வந்ததால், பேஸ்பால் கேப்டன் என்று நான் போனேன். நீள மேஜை. ஒரு முனையில் காலேஜ் செக்ரட்டரி, வெள்ளைச் சட்டை பெரியவர். பக்கத்தில் பிரின்சிபால். மறுமுனையில் சார், தொப்பி இல்லாமல்.

லிஸ்ட்டை வாசித்தார்கள். கால்பந்து இருந்தது, கபடி இருந்தது, கேரம்கூட இருந்தது. பேஸ்பால் இல்லை.

"டைரக்டர் சார், ஏதாவது சொல்றதுன்னா சொல்லுங்க," என்றார் பிரின்சிபால்.

சார் எழுந்தார். வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். காற்றுதான் வந்தது. "அப்ப சரி," என்று சொல்லி ஃபைலைச் சுற்றுக்கு விட்டார்கள். ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டு, ஃபைல் என் கைக்கு வந்தது. நான் அதைச் செக்ரட்டரியிடம் கொடுக்க வேண்டும். அவர் போட்டால் முடிந்தது. அவர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

நான் சாரைப் பார்த்தேன். அவர் கை மெல்ல மேலே போனது. தொப்பி இருக்க வேண்டிய இடத்தைத் தொட்டது. அப்புறம் கீழே இறங்கி, இடுப்பைத் தொட்டது.

ஓடினேன்.

ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வராண்டா, படிக்கட்டு, போர்டிகோ எல்லாம் தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்தேன். எங்கள் பையன்கள் பிராக்டிஸில் இருந்தார்கள். என்ன ஏது என்று ஒருத்தனும் கேட்கவில்லை. "மச்சான் ஓடி வர்றான்டா, போடு பால!" என்று சேகர் கத்த, பந்து பறந்து அவன் கைக்கு வந்தது. நான் மூன்றாவது சாக்கை நோக்கிச் சறுக்கினேன். செம்மண் ஆளுயரத்துக்குக் கிளம்பியது.

"அவுட்டு!" என்றான் சேகர்.

"போடா, சேஃபு!"

"தொட்டுட்டேன்டா, சட்டைய பாரு!"

மேலே பார்த்தால், மொத்தக் கமிட்டியும் பால்கனியில். செக்ரட்டரி கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தபடி, "ஏம்பா, அது அவுட்டா இல்லையா?" என்று கேட்டார். பிரின்சிபால் கேட்டது வேறு. "அந்தப் பையனுக்கு இன்னிக்கே டிசி குடுத்து அனுப்புங்க!"

என்னை மேலே கொண்டுபோய் வராண்டாவில் நிறுத்தினார்கள். ஃபைலில் பாதி மைதானம் ஒட்டியிருந்தது. அதை வாங்கிய பாத்திமா அக்கா என்னைப் பார்த்த பார்வையில் சுண்ணாம்பே வெந்திருக்கும். கதவு சாத்தியிருந்தது. அப்போதுதான் உள்ளேயிருந்து நான் அதுவரை கேட்காத ஒரு குரல் கேட்டது. கரகரவென்று, துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற மாதிரி.

"அவன் மேல தப்பு இல்ல சார். நான்தான் ஓடச் சொன்னேன். டிசின்னா எனக்குக் குடுங்க."

அப்புறம் அந்தக் கேட் மூடவே இல்லை. பதினாலு பேரைப் பற்றியும் பேசினார். கோவளத்திலிருந்து ஒருத்தன் விடியறதுக்குள்ள மீன் கூடைய எறக்கிட்டு வந்துனு இருந்தான் சார், ஹாஸ்டல் கெடச்ச அப்புறம்தான் ஒரு வேள ஒழுங்கா தூங்கறான் என்றார். கடைசியாக என்னிடம் வந்தார்.

"இவன் படிக்க மாட்டான் சார். பேச்சு ஜாஸ்தி, சேட்ட ஜாஸ்தி. என் கதவுலயே எழுதி வெச்சான். ஆனா தோத்துட்டு வர்ற ரயில்ல யார் அழுதாலும் மொதல்ல போய் சிரிக்க வெக்கிறவன் இவன்தான். இவன் இல்லன்னா எனக்கு டீமே இல்ல."

அந்த வராண்டாவில் என் கண்ணில் செம்மண் விழுந்துவிட்டது. நிறைய.

கதவு திறந்தது. செக்ரட்டரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "லிஸ்ட்ட திருப்பி டைப் பண்ணுங்கம்மா. பேஸ்பால் ஒரு வருஷம் இருக்கட்டும். அடுத்த மேட்ச்சுக்கு எனக்கு ஒரு சேர் போட்டு வைங்க. என்னக் கேட்டா அது அவுட்டுதான்." பிரின்சிபால் எனக்கு டிசிக்குப் பதிலாக ஒரு மாசம் மைதானத்தைப் பெருக்குகிற வேலை கொடுத்தார்.

எல்லோரும் போனதும் சார் வெளியே வந்தார். நான் காலில் விழப் போனேன். சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

"சார், சூப்பர் சிக்னல் சார்!"

"சிக்னலா? எப்படா குடுத்தேன்? வேர்த்துதுன்னு தலைய தொடச்சேன். பேன்ட்டு நழுவுதுன்னு புடிச்சேன். நீ பாட்டுக்கு ஃபைல தூக்கினு ஓட்ற, லூசுப் பயலே!"

என்னிடம் அவர் வாயைத் திறந்து பேசிய முதல் வாக்கியம் அதுதான். இத்தனை அழகாக என்னை யாரும் திட்டியதில்லை.

இப்போது நான் ஊரப்பாக்கத்திலிருந்து கிளம்பி பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். டிகிரி பாதியில் நிற்கிறது. நாலு அரியர் இன்னும் என்னைத் தேடிக்கொண்டிருக்கிறது. சேகர் படித்து முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். காலேஜ் டீமுக்குப் புதுக் கோச் வந்துவிட்டார், அவர் வாயால் பேசுகிறாராம், பையன்கள் குழம்பிப்போகிறார்களாம். ஒரு வருஷம் என்றவர்கள் அப்புறம் எடுக்கவே இல்லை. சார் அந்த நாற்காலியைவிட்டு எழுந்தால்தானே எடுப்பதற்கு!

ஒவ்வொரு அட்மிஷன் சீசனிலும் காலேஜ் கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்போர்ட்ஸ் கோட்டா லிஸ்ட்டை ஒட்டுகிறார்கள். பேஸ்பால் என்று ஒரு வரி, கடைசியில் அவருடைய கையெழுத்து. யாருக்கும் சீட் வாங்கித் தர வேண்டிய வேலை எனக்கு இல்லை. ஆனாலும் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, அதை ஒரு தடவை படித்துவிட்டுத்தான் போகிறேன்.