டெஸ்ட் பாடு

அடுத்தவர் தவறைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: தவறு என்பது எப்போதும் அடுத்தவர் செய்வது என்று நம்புவது. அது எனக்கு நன்றாக முற்றியிருந்த சமயத்தில்தான் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் கோட்டைக்குப்பத்துக்கு மருமகளானேன்.

எனக்குச் சென்னையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டர் வேலை. முழுச் செயலியையும் கட்டிவிட்டுக் கடைசியில் சோதிப்பது எங்கள் குழுவின் வழக்கமல்ல. இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டு. டெவலப்பர் எழுத எழுத நான் கூடவே உடைத்துப் பார்ப்பேன். புதிய துண்டு சேரும்போதெல்லாம் பழையவையும் ஓடுகின்றனவா என்று மறுபடி பார்க்க வேண்டும். நான் "பாஸ்" என்றால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். (அந்த ஒரு சொல்லுக்காக ஆறடி டெவலப்பர்கள் என் முகம் பார்த்து நிற்பார்கள். திமிர் வராமல் என்ன செய்யும்?)

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது பழவேற்காடு ஏரிக்கான செயலி. அங்கே "பாடு" என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஏரியின் நல்ல இடத்தில் வலை கட்ட, முறை வைத்து, ஒரு குழுவுக்கு ஒரு நாள். நாளை யாருக்குப் பாடு என்று போனில் செய்தி அனுப்ப வேண்டும். என் மாமனார் ஒரு குழுவின் தலைவர். கணவரைப் போலவே நானும் அவரை நைனா என்பேன். "எம் மருமவ கம்பெனி" என்று சொல்லி ஊரையே செயலியில் சேர்த்துவிட்டவர் அவர்தான்.

அந்த வாரம் கோட்டைக்குப்பத்தில் இருந்தபடியே வேலை பார்த்தேன். ஒரு சாயங்காலம்; மறுநாள் நைனாவின் பாடு. இறால் ஏறும் பருவம் வேறு. சோதனைக்கு ஒரு தளம், நிஜத்துக்கு ஒரு தளம். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். "டெஸ்ட்: நாளை பாடு உங்களுக்கு" என்று தட்டி, "அனைவருக்கும்" என்பதை அழுத்தினேன். பச்சை டிக் வந்தது. பாஸ். எந்தத் தளத்தில் இருக்கிறேன் என்று மட்டும் பார்க்கவில்லை.

காலையில் கரையில் ஒரே கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால், எல்லாக் குழுவின் படகுகளும் வலையோடு கிளம்பத் தயாராக நின்றன. கணவரின் நண்பர் சேகர் வேறு குழு. அவர் போனை நைனாவின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தார்.

"எப்பவும் பாடு ஒன் டே தான். இந்த தபா எங்களுக்கு டெஸ்ட்டுனு வந்துக்குது. அஞ்சு நாளு!"

"டேய், எனக்குந்தான் டெஸ்ட்டு வந்துக்குது" என்றார் நைனா.

"எங்களுக்கு மட்டும் இன்னா, டொண்டி டொண்டியா வந்துச்சு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

நைனா அசரவில்லை. "ஆப்பு தப்பு பண்ணாதுடா. எம் மருமவ பார்த்து அனுப்புறது."

அந்த இடத்தில் ஏரி என்னை விழுங்கியிருக்கலாம். (பழவேற்காட்டில் அதற்கும் ஆழம் போதாது.)

"நைனா... அது சும்மா. போகுதான்னு பார்க்க நான் அனுப்பினது."

"சும்மாவா?" என்றார் சேகர். கூடையோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை.

இப்படியே விட்டால் அடிதடியாகும் என்று, அன்றைக்கு யாரும் வலை கட்டக்கூடாது என ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நைனாவின் பாடு போயிற்று. இனி எல்லாக் குழுவையும் சுற்றிக்கொண்டுதான் அவரிடம் திரும்ப வரும். நனையாத வலையைத் தோளில் போட்டுக்கொண்டு என் முன்னால் நடந்தார். மதியம் ரசம் சோறு. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன்.

அடுத்த கூட்டத்தில் மேனேஜர் வழக்கப்படி, "இந்த முறை எது நன்றாக நடந்தது?" என்று கேட்டார். "செய்தி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது" என்றேன். யாரும் மறுபடி குழம்பாமலிருக்க, நிஜத் தளத்தின் தலையில் இப்போது சிவப்புப் பட்டை இருக்கிறது. அதற்கு என் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நைனா மறுபடி பேச, அவருடைய அடுத்த பாடு வர வேண்டியிருந்தது. அதிலிருந்து நான் பையோடு வந்து இறங்கினால் அவர் வாசலிலேயே கேட்பது ஒன்றுதான்: "இன்னாம்மா, ஒன் டேவா, டெஸ்ட்டா?"

போன பொங்கலுக்கு நிஜமாகவே ஐந்து நாள் தங்கிவிட்டேன். கிளம்பும்போது படகிலிருந்து சேகர் கத்தினார், தெருவுக்கே கேட்கும்படி:

"இன்னா அண்ணி, மேட்ச் டிராவா?"