மிக்சியே துணை

முதியோருக்கு ஊட்டம் அளிப்பதில் உலகுக்கே வழிகாட்டும் தலங்கள் இரண்டு. இரண்டாவது எது என்று எனக்குத் தெரியாது. முதலாவது, மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் இருக்கும் எங்கள் 'பொன்மாலை மூத்தோர் இல்லம்'. அதன் உணவுக் குழுச் செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த தன்னடக்கத்தோடு சொல்கிறேன்.

சாதனை ஓர் இருமலில் தொடங்கியது. ஏசுதாஸ் என்ற பெரியவர் வடை தின்றுகொண்டே சிரித்ததில் புரையேறிவிட்டது. மருத்துவர் அவருக்கு நாலு நாள் குழைந்த உணவு என்று எழுதினார். ஒருவருக்குக் கொடுத்து முப்பத்தொன்பது பேருக்கு மறுப்பது பாரபட்சம் அல்லவா? குழு அவசரமாகக் கூடியது. 'அனைவருக்கும், அனைத்தும், அரைத்தே' என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. நாலு நாள் என்பதை அடித்துவிட்டோம். நல்ல திட்டத்துக்கு முடிவு தேதி எதற்கு?

அன்று முதல் சோறு, கீரை, மீன், அப்பளம் எல்லாம் மிக்சியில் கலந்து ஒரே கிண்ணத்தில் வந்தன. ஊட்டச்சத்து அலுவலர் ஜெனிட்டா புரதம் இவ்வளவு, இரும்பு இவ்வளவு என்று தினமும் பலகையில் எழுதினார். சத்து நூற்றுக்கு நூறு. உள்ளே போனதுதான் கொஞ்சம் குறைவு.

எங்களுக்கு வாய்த்த எதிர்க்கட்சி பதருன்னிசா. வயது எழுபத்தாறு, முப்பத்திரண்டு பல்லும் சொந்தம்.

"இன்னா தம்பி இது? மீனா, கீரையா?"

"ரெண்டும்தாம்மா. அப்பளம்கூட இருக்கு."

"அப்பளத்த ஏம்பா அரைச்சீங்க? அது இன்னா பாவம் பண்ணுச்சு?"

"எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தாம்மா."

"எனுக்குப் பல்லு நல்லாத்தான் கீது. கடிக்க எதுனா குடு."

'உணர்ச்சிவசப்பட்ட கோரிக்கை' என்று கோப்பில் குறித்துக்கொண்டேன்.

இரண்டே மாதத்தில் அவர் எடை நாற்பத்தேழிலிருந்து நாற்பத்தொன்றுக்கு இறங்கியது. நாற்பதைத் தொட்டால் மூக்கில் குழாய்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து பதருன்னிசா கட்டிலைவிட்டு எழுவதே அபூர்வமாயிற்று. எனக்கு மனசு கேட்கவில்லை. கிண்ணத்தின் நிறத்தை மாற்றச் சொன்னேன்.

மறுநாள் பராமரிப்புக்காக நாள் முழுக்க மின்தடை. சமையல்காரர் லோகு ஓடிவந்தார்.

"சார், கரண்ட் இல்ல. மிக்சி ஓடாது. இன்னா பண்றது?"

"இன்வெர்ட்டர் இருக்கே?"

"அது உங்க ரூம் ஏசிக்கு ஓடிக்கினு கீது சார்."

வேறு வழியில்லை. சோறு சோறாகவும், மீன் மீனாகவும், அப்பளம் அப்பளமாகவும் பரிமாறப்பட்டன. கூடம் முழுக்க ஒரே நொறுங்கும் சத்தம். பதருன்னிசா தானாக எழுந்து வந்து, இரண்டு சங்கரா மீன், நாலு அப்பளம் முடித்து, மறுசோறும் கேட்டார். ஏசுதாஸ்கூட இருமவில்லை. நாற்பது தட்டும் காலி.

இந்த விபரீதத்தை விசாரிக்க மாலையே குழு கூடியது.

"கரண்ட் இருந்தா மிச்சம் வைக்கிறாங்க, போனா வழிச்சுச் சாப்பிடுறாங்க. ஒண்ணும் புரியல சார்" என்றார் ஜெனிட்டா.

மூன்று மணி நேரம் ஆராய்ந்ததில் உண்மை வெளிப்பட்டது. கோளாறு மின்தடையில்தான்! இனி ஒரு வேளைகூட மிக்சி நிற்கக் கூடாது என்று ஜெனரேட்டர் வாங்கினோம்.

அடுத்த மாதம் அதன் திறப்பு விழா. ரிப்பன் வெட்டும் கௌரவத்தைத் திட்டத்தின் 'முதன்மைப் பயனாளி' பதருன்னிசாவுக்கே அளித்தோம். அன்று அவர் எடை நாற்பதரை. சக்கர நாற்காலியில் தள்ளிவந்து, கத்தரிக்கோலை நீட்டினேன்.

"அது வோணாம்பா" என்றவர், ரிப்பனை இழுத்துப் பல்லால் கடித்து அறுத்தார். வாயில் சிக்கிய துண்டை மென்றுகொண்டே என்னைப் பார்த்தார்.

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் கோப்பில் உள்ளதை உள்ளபடி பதிவு செய்தேன்: திட்டம் தொடங்கியதிலிருந்து, அந்த மின்தடை நாளைத் தவிர்த்தால், எங்கள் இல்லம் அவருக்குக் கடிக்கக் கொடுத்தது இந்த ரிப்பன் ஒன்றுதான்.