குடிநீர் வாரியத்தில் குறையே இல்லை

குடிநீர் வாரியத்தின் இணையதளத்தில் ‘புகார் தெரிவிக்க’ என்று ஒரு சிவப்புப் பட்டன் இருந்தது. குழாயில் தண்ணீர் வராதவர்கள் அதை அழுத்தினார்கள். யார் வீட்டுக் குழாயிலும் வராததால் ஊரே அழுத்தியது. இந்த விபரீதத்தை ஆராய இயக்குநர் தலைமையில் உயர்மட்டக் கூட்டம் கூடியது.

தளத்தைக் கட்டி மேய்க்கும் இளைஞனையும் கூப்பிட்டிருந்தார்கள். அலுவலகத்தில் அவனுக்குப் பட்டன் என்றே பெயர். கைக்குழந்தை உள்ள வீடு அவனுடையது. அங்கேயும் குழாயில் காற்றுதான். புகார் வந்த தெருவுக்கு வாரியம் அனுப்பும் தண்ணீர் லாரியை நம்பித்தான் குழந்தையின் துணி துவைத்தாக வேண்டும். இன்றாவது குழாயைப் பற்றிப் பேசுவார்கள் என்று ஆசையாக உட்கார்ந்திருந்தான், பாவம்.

“ஜனங்க ஏன் புகார் குடுக்கிறாங்க?” என்றார் இயக்குநர்.

“தண்ணி வரலைன்னு சார்.”

“தப்பு. பட்டன் கண்ணுல படுது, அதனால குடுக்கிறாங்க. இப்ப உலகம் பூரா எளிமைதான் மோஸ்தர், தம்பி. பக்கம் வெள்ளை வெளேர்னு இருக்கணும். மவுஸ் மேல போனா மட்டும் பட்டன் தெரியட்டும். முடியுமா?”

“சிஎஸ்எஸ்ல, அதான் பக்கத்தோட அலங்காரக் குறியீட்டுல, ரெண்டு வரி சார். ஆனா போன்ல மவுஸ் இல்லையே?”

“போன்ல குடுக்கிறதெல்லாம் அவசரப் புகார். அவசரத்துல சொல்றது உண்மையா இருக்காது.”

பட்டன் ரெண்டு வரி எழுதினான். புகார்கள் அடியோடு நின்றன. ‘பொதுமக்களின் குறைகள் முற்றிலுமாகக் களையப்பட்டன’ என்று சுற்றறிக்கை வந்தது. குறையில்லாத ஊருக்கு லாரி எதற்கு? அதுவும் நின்றது.

“நீங்க செஞ்ச பக்கம்தானே, ஒரு புகார் குடுக்கத் துப்பில்லையா?” என்றாள் மனைவி. ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் அலுவலகக் கணினியில், பட்டன் ஒளிந்திருக்கும் இடத்தைத் தெரிந்தவனாதலால், மவுஸை நேராகக் கொண்டுபோய் அழுத்திவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டான்.

வாரியம் கதிகலங்கியது. மறுபடி கூட்டம்.

“யாரோ ஒருத்தன் பட்டனைக் கண்டுபிடிச்சுட்டான்!” இயக்குநருக்கு வியர்த்தது. “அது பெரிய பாதுகாப்புக் குறைபாடு. மறைச்சா போதாது. கிட்ட வந்தா அது ஓடணும்.”

“ஓடணுமா சார்?”

“ஜாவாஸ்கிரிப்ட்ல வராதா?”

வராமல் என்ன? இங்கேதான் பட்டனுக்குப் புத்தி கெட்டது. தொழில்காரன் கர்வம் தலைக்கேறி, விரல் வரும் திசையைப் பார்த்து எதிர்த்திசையில் பாயும்படி, மூலையில் மடக்கினால் விரலடியில் நழுவி அடுத்த மூலைக்குப் போகும்படி, ரசித்து ரசித்து எழுதினான். இயக்குநர் முயன்று பார்த்தார், பிடிபடவில்லை. பூரித்துப்போனார்.

“இனி தாராளமா கண்ணுக்குத் தெரியட்டும். நம்ம வாரியத்துல ஒளிவுமறைவு கிடையாது!”

இந்தப் பரபரப்பில் அந்த ஒற்றைப் புகாரை ரத்து செய்ய யாருக்கும் தோன்றவில்லை. விதிப்படி அது லாரிக்காரரிடம் போய்ச் சேர்ந்தது.

வாரக் கடைசியில் பட்டன் வீடு திரும்பியபோது தெருவே நிசப்தமாக இருந்தது. உள்ளே மனைவி போனில் மூழ்கியிருந்தாள். தொட்டிலில் குழந்தை ஈரத்துணியோடு சிணுங்கியது.

“கிட்ட வராதீங்க, கை ஆடுது! எதிர்வீட்டு அக்கா புகார் பட்டனை ஓரத்துல மடக்கிட்டாங்களாம். தெருவுல எல்லாரும் இதைத்தான் துரத்திட்டிருக்கோம்.”

“லாரி வந்துதா?”

“ஏதோ ஹாரன் அடிச்சுது. நான் பிடிக்கப் போற சமயம். யாருமே வெளிய போகலை. ‘இந்தத் தெருவுக்குத் தண்ணி வேணாம்போல’ன்னு டிரைவர் சொல்லிட்டுத் திரும்பினது ஜன்னல்ல கேட்டுது.”

அலுவலகத்துக்கு இரண்டு நாள் விடுமுறை, போய் மாற்றி எழுதவும் வழியில்லை. போனைப் பிடுங்கி, மறுபடி புகார் கொடுக்க விரலை வைத்தான். பட்டன் பாய்ந்தது. இந்தப் பக்கம் வந்தான், அந்தப் பக்கம் போனது. எழுதியவனுக்கே பிடிபடவில்லை.

குழந்தை வீறிட்டது.

“கொஞ்சம் தூக்கு,” என்றான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “இதோ, மாட்டிக்கிச்சு.”